வெள்ளிக்கிழமை மட்டும் காலி

“நூத்துக்கு நூறு, மேடம்.”

“எதுல?”

“எல்லாத்துலயும். பதினாலு பாடம், பதினாலு பரீட்சை. எல்லாம் ஆன்லைன்ல. வலி மாத்திரைக்கும் போதை ஊசிக்கும் அடிமையானவங்களுக்கு மாற்று மருந்து கொடுத்து மீட்கிறதுக்குன்னே மருந்தாளுநர்களுக்கு ஒரு பயிற்சி. இந்த வட்டாரத்துல வேற ஒருத்தனும் தொண்ணூறைத் தாண்டல.”

“சந்தோஷம். எங்ககிட்ட எதுக்கு வந்தீங்க?”

“தப்பு பண்ணினது என் மனைவிதான்னு நிரூபிக்கணும்.”

“வீட்டுலயா?”

“கடையில.”

நேற்று மாலை தங்கள் ஆபீசில் நடந்த இந்தப் பேச்சை, ஸ்கூட்டரின் பின்சீட்டில் உட்கார்ந்தபடி ரேடியோ மூன்றாவது தடவையாக நினைத்துப் பார்த்துக்கொண்டான். பெண்டாட்டி ஓடிப்போய்விட்டாள் என்று துப்பறியக் கூப்பிட்டவர்களைப் பார்த்திருக்கிறான். பெண்டாட்டியைப் பிடித்துக் கொடுக்கக் கூப்பிட்டவரை இப்போதுதான் பார்க்கிறான்.

ரேடியோ என்பது பெற்றவர்கள் வைத்த பெயரல்ல. நாற்பது வயதில் தலைமுடி உதிர்ந்தும் வாய் ஓயாத ஒருவனுக்கு ஊர் வைத்த பெயர். ஸ்கூட்டரை ஓட்டிக்கொண்டிருந்தவள் அவனுடைய அண்ணி. துப்பறியும் தொழிலுக்கு வருவதற்கு முன் இருபது வருஷம் ஒரு பல்கலைக்கழகத்தின் தேர்வுத் துறையில் ஆள்மாறாட்டம் பிடித்தவள். தம்பிக்கு அண்ணன் எழுதிய பரீட்சை, மாப்பிள்ளைக்கு மாமனார் எழுதிய பரீட்சை என்று எல்லாவற்றையும் பார்த்துச் சலித்த கண்கள் அவளுக்கு. சான்றிதழ் என்று யாராவது ஆரம்பித்தால், பக்கத்து வீட்டுக் குழந்தை பாட வந்துவிட்டதைப் போல அவள் முகம் பொறுமையாகிவிடும்.

“அண்ணி, அவரு நூத்துக்கு நூறுன்னு சொன்னப்ப நீங்க ஏன் சிரிக்கல?”

“சிரிச்சா ஆள் உஷாராயிடுவான். வழியைப் பாரு.”

“நான் பின்னாடி இருக்கேன். உங்க முதுகைத்தான் பார்க்க முடியும்.”

விஷயம் இதுதான். அந்தக் கடையில் முப்பது நாற்பது பேருக்கு மெதடோன் என்ற மாற்று மருந்து கொடுக்கிறார்கள். தினமும் வந்து, மருந்தாளுநரின் கண்ணெதிரே ஒரு சின்னக் கோப்பை அளவு குடித்துவிட்டுப் போக வேண்டும். அதைக் கொடுக்க அந்தப் பயிற்சியில் தேறியவருக்கு மட்டுமே அனுமதி. அப்படி வருகிறவர்களில் ஒரு லாரிக்காரர் ஐந்து நாள் வரவில்லை. ஆறாவது நாள், போன வெள்ளிக்கிழமை, காலையில் வந்தார். யாரோ பழைய அளவையே முழுதாக ஊற்றிக் கொடுத்துவிட்டார்கள். ஐந்து நாளில் உடம்பு அந்த மருந்தின் பழக்கத்தை இழந்திருக்கும். நேற்றுவரை காப்பாற்றிய அளவே இன்றைக்கு ஆளைச் சாய்த்துவிடும். லாரிக்காரர் பஸ் நிறுத்தத்துப் பெஞ்சில் சாய்ந்தார். உயிர் இருக்கிறது, தொண்டையில் குழாய். பேச இன்னும் பல நாள் ஆகும்.

கடையில் இருப்பது இரண்டே மருந்தாளுநர்கள், கணவனும் மனைவியும். திங்கட்கிழமை மருந்தாளுநர் சபையின் விசாரணை. பழி மனைவி மேல் விழுந்தால் அவள் பதிவு ரத்தாகும். அப்புறம் அவள் எந்த மருந்துக் கடையிலும் ஒரு மாத்திரை அட்டையைக்கூடத் தொட முடியாது.

“பயிற்சி எடுத்தவன் நான், எடுக்காதவ அவ. இந்தத் தப்பை யார் பண்ணியிருப்பாங்க, நீங்களே சொல்லுங்க,” என்று நேற்று கேட்டிருந்தார் அவர். கேள்வி நியாயமாகத்தான் இருந்தது. அதுதான் அண்ணிக்குப் பிடிக்கவில்லை.

“காலையில அங்க மருந்து குடிக்கிற ரெண்டு பேரைப் பார்த்தேன்,” என்றான் ரேடியோ. “வெள்ளிக்கிழமை கவுண்டர்ல யாருன்னு கேட்டேன். வாயே திறக்கல. முதலாளியைப் பகைச்சுக்கிட்டா நாளைக்கு டோஸ் கிடைக்காதுன்னு பயம். அதனால நமக்கு இருக்கிறது ஒரு வால்தான்.”

வால் என்று அவன் சொன்னது ஒரு நகலில் இருந்தது. மருந்து கொடுத்த ரிஜிஸ்டரின் நகலை நேற்று அவரே பைலில் வைத்துக் கொடுத்திருந்தார். தேதி, நேரம், அளவு, நோயாளியின் கையெழுத்து, கடை முத்திரை. ஒவ்வொரு வரிக்கும் அவர் முத்திரைதான். ஆனால் ரிஜிஸ்டர் அகலம், நகல் எடுத்த தாள் குறுகல். இடது ஓரம் வெட்டுப்பட்டிருந்தது. அந்த வெட்டில், பல்லிடுக்கில் மாட்டிய நூல் மாதிரி, ஏதோ எழுத்துகளின் கடைசி நெளிவுகள் மட்டும் எட்டிப் பார்த்தன. எல்லா வரியிலும் இருந்தன. வெள்ளிக்கிழமை காலையில் மட்டும் இல்லை.

“இத்தனை பேரும் நடுவுல இருக்கிற கட்டத்தைத்தான் பார்த்திருக்காங்க,” என்றாள் அண்ணி, ஸ்கூட்டரை நிறுத்தியபடி. “பரீட்சைப் பேப்பரே ஆனாலும் எழுதறவன் குணம் ஓரத்துலதான் தெரியும். இறங்கு.”

கடைக்குள் நுழைந்ததும் முதலில் தெரிந்தது மருந்து இல்லை, சட்டங்கள். சுவர் நிறையக் கண்ணாடி போட்ட சான்றிதழ்கள். ரேடியோ எண்ணினான். இருபத்து மூன்று. முதலுதவியில் ஒன்று, ஆஸ்துமா உறிஞ்சியில் ஒன்று, குளிர்சாதனப் பெட்டியில் தடுப்பூசி அடுக்குவதில் ஒன்று. ‘வாடிக்கையாளரிடம் இன்முகம் காட்டுதல்’ என்றுகூட ஒன்று இருந்தது.

“இதுல பெயிலாகியிருக்கணுமே,” என்று முணுமுணுத்தான்.

அதற்குக் கீழே நின்றிருந்தவர் முகத்தில் இன்முகம் எதுவும் இல்லை. வெள்ளைக் கோட்டு, பையில் மூன்று பேனா. ரேடியோ நேற்றே அவருக்கு நூத்துக்கு நூறு என்று பெயர் வைத்தாகிவிட்டது.

“நீங்க எதுக்கு மேடம் சிரமப்பட்டு வந்தீங்க? நகல்லதான் எல்லாம் இருக்கே.”

“நகலுக்கு ஓரம் இல்ல. அசலைக் காட்டுங்க.”

ரிஜிஸ்டர் வந்தது. அண்ணி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இடது ஓரத்தில் விரலை வைத்தாள். ரேடியோ தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்துப் படித்தான். பொடிப்பொடியான, சீரான எழுத்து.

“‘முட்டி வலி இன்னைக்குத் தேவலை.’ அடுத்தவரு. ‘பஸ்காரன் நிறுத்தாமப் போயிட்டான்.’ இவரு... ‘மகள் வகுப்புல ரெண்டாவது.’ இது என்னது? ‘உங்க முகம் ஏன் வாட்டமா இருக்கு?’ அண்ணி, இது மருந்து ரிஜிஸ்டரா, வார இதழா?”

நூத்துக்கு நூறு கெக்கலித்தார். “எல்லாம் அவ கிறுக்கல் சார். மருந்து கொடுக்கறது நான். அவ பக்கத்துல நின்னு, வர்றவங்க என்ன பேசினாங்கன்னு எழுதி வைப்பா. ஊர்க்கதை கேக்கிற ஆசை. அந்தக் கூட்டத்துக்கு என்ன பெரிய கதை இருக்கு? போதைக்காரங்க.”

அண்ணி நிமிராமல் கேட்டாள். “உங்க எழுத்து இதுல எங்கயும் இல்லையா?”

“எனக்கு அதுக்கு நேரம் எங்க? நான் நின்னா டக்கு டக்குன்னு வேலை முடியும். கோப்பை, முத்திரை, அடுத்த ஆள்.”

“வெள்ளிக்கிழமை மட்டும் அவங்க தனியா கொடுத்தாங்க. அப்படித்தானே?”

“ஆமா. நான் பின்னாடி சரக்கு இறக்கிட்டிருந்தேன். என்னைக் கேக்காம அவளே கொடுத்துட்டா.”

“அன்னைக்குக் காலையில பதினோரு பேர் வந்திருக்காங்க. பதினோரு வரியிலயும் ஓரம் காலியா இருக்கே.”

“மறந்திருப்பா. மனுஷிதானே?”

மூன்று மாதமாக ஒரு வரி விடாமல் எழுதிய மனுஷி, ஒரே ஒரு காலை, பதினோரு தடவை தொடர்ந்து மறந்திருக்கிறாள். ரேடியோ வாயைத் திறந்தான். அண்ணியின் முழங்கை அவன் விலாவைத் தொட்டது. மூடிக்கொண்டான்.

“அவங்களைப் பார்க்கலாமா?”

“தாராளமா. ஆனா பேச மாட்டா. வாயில்லாப் பூச்சி.”

பின் அறைக்கும் கடைக்கும் நடுவே ஒரு திரை. அதற்குள் அட்டைப் பெட்டிகள் கூரை வரை அடுக்கியிருந்தன. மூலையில் ஒரு கழுவுதொட்டி. இரண்டு பெட்டிகளைச் சேர்த்துப் போட்டு அதன் மேல் ஒரு பழைய லேப்டாப், அதற்கு முன்னால் முதுகு சாய்க்க வழியில்லாத ஒரு முக்காலி. அதில் உட்கார்ந்து ஒரு பெண் சின்னச் சின்னப் புட்டிகளில் லேபிள் ஒட்டிக்கொண்டிருந்தாள். முப்பத்தைந்து, முப்பத்தாறு வயதிருக்கும். லேபிள் ஒன்றுகூடக் கோணவில்லை.

இவர்களைக் கண்டதும் எழுந்தாள். வந்தவர்கள் யார், எதற்கு வந்திருக்கிறார்கள் என்பது அவளுக்குத் தெரிந்தே இருந்தது. இருந்தும் அவள் கேட்ட முதல் கேள்வி வேறு.

“லாரிக்காரர் எப்படி இருக்காரு?”

நேற்று ஒன்றரை மணி நேரம் ஆபீசில் உட்கார்ந்து பேசியவர் இந்தக் கேள்வியைக் கேட்கவில்லை என்று ரேடியோவுக்கு அப்போதுதான் உறைத்தது.

“இன்னைக்குக் கண்ணைத் திறந்தாராம். கூப்பிட்டா திரும்பிப் பார்க்கிறாராம்,” என்றாள் அண்ணி.

அந்தப் பெண் முக்காலியைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்தாள். சும்மா இருந்த லேபிள் ஒன்றைக் கையில் எடுத்து, மறுபடி வைத்தாள்.

“வெள்ளிக்கிழமை காலையில நீங்க எங்கம்மா இருந்தீங்க?”

“அவர் என்ன சொன்னாரோ அதுதான்.”

“அவர் சொன்னது எனக்குத் தெரியும். நீங்க சொல்லுங்க.”

“அவர் சொன்னதுதாங்க.”

“ரெண்டு பேரும் ஒரே பதில்,” என்றான் ரேடியோ. “எங்க வீட்டுல நானும் என் பெண்டாட்டியும் ஒரே பதில் சொன்னா, அன்னைக்கு ஏதோ உடைஞ்சிருக்குன்னு அர்த்தம்.”

அவள் உதட்டில் ஒரு சிரிப்பு வந்து, இடம் தவறி வந்துவிட்டோம் என்பது போலத் திரும்பிப் போயிற்று. வெளியே நூத்துக்கு நூறு தொலைபேசியில் யாரிடமோ உரக்கப் பேசிக்கொண்டிருந்தார். ‘பயிற்சி’, ‘முதல் மதிப்பெண்’ என்ற வார்த்தைகள் திரையைத் தாண்டி வந்தன. அந்தச் சத்தம் வரும்போதெல்லாம் அவள் தோள்கள் ஓர் அங்குலம் இறங்கின.

அண்ணி லேப்டாப்பைப் பார்த்தாள். பிறகு முக்காலியைப் பார்த்தாள். நூத்துக்கு நூறின் உடம்புக்கு அந்த முக்காலி ஒரு பாடத்துக்குக்கூடத் தாங்காது. பதினாலு பாடம் எப்படித் தாங்கும்? அவள் ரேடியோவைக் கழுவுதொட்டிப் பக்கமாக இழுத்துக் காதில் ஏதோ சொன்னாள்.

“என்னையா? அண்ணி, இது அநியாயம்.”

“பேசினா உனக்கு இந்த மாசச் சம்பளம் கிடையாது.”

கடைக்குள் திரும்பியதும் அண்ணியின் குரல் வெண்ணெயாகியிருந்தது. “சார், எங்க ரிப்போர்ட்ல சேர்க்கிறதுக்கு ஒரு உதவி. பயிற்சி எடுத்தவர் எப்படி மருந்து கொடுப்பார்னு ஒரு தடவை செஞ்சு காட்டுங்களேன். இவன்தான் நோயாளி. வெறும் தண்ணி போதும்.”

நூத்துக்கு நூறுக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டார். கடையின் ஓரத்தில், மருந்து குடிப்பவர்களுக்கென்று தடுப்பு வைத்த சின்ன இடத்தில் போய் நின்றார். அளவுக் குழாயில் தண்ணீர் எடுத்தார், கண் மட்டத்துக்குத் தூக்கிப் பார்த்தார், கோப்பையில் ஊற்றினார். அதுவரை குறை சொல்ல ஒன்றும் இல்லை.

“இந்தாங்க.”

ரேடியோ கோப்பையை வாங்கி வாயில் கவிழ்த்துக்கொண்டான்.

“அவ்வளவுதான் மேடம்.” முத்திரையை எடுத்து வெற்றுத் தாளில் ஒரு குத்து. “அடுத்த ஆள்!”

ரேடியோ அசையாமல் நின்றான். வாய் நிறையத் தண்ணீர். கன்னம் இரண்டும் கொஞ்சம் புடைத்திருந்தன. பிறந்ததிலிருந்து விழித்திருக்கும் நேரத்தில் இத்தனை வினாடி அவன் பேசாமல் இருந்ததில்லை. கண் நிறைய வார்த்தைகள் முட்டிக்கொண்டு நின்றன.

“ரொம்பச் சுலபமா இருக்கே,” என்றாள் அண்ணி.

“பழக்கம் மேடம். மூளையில பதிஞ்சுபோச்சு. பதினாலு பாடமும் மனப்பாடம். சில பாடத்தை ரெண்டு தடவை, மூணு தடவைகூடப் பார்த்திருக்கேன். வேணும்னா பயிற்சி நடத்தறவங்க கம்ப்யூட்டர் பதிவுல பாருங்க.”

“அவங்ககிட்டயே கேட்டு வாங்கிப் பார்த்தேன். ஆறாவது பாடத்தை மூணு தடவை.”

“அதேதான்.”

“அது எதைப் பத்தினது?”

“அது... பொதுவா... நிர்வாகம் பத்தினது.”

ரேடியோவின் மூக்கிலிருந்து ஒரு சத்தம் வந்தது. தண்ணீர் வெளியே வந்துவிடாமல் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டான். ஆறாவது பாடம் எது என்று அவனுக்குத் தெரியும். நேற்று அவனும் அண்ணியும் அந்தப் பயிற்சியை லேப்டாப்பில் திறந்து உட்கார்ந்து பார்த்தார்கள். பரீட்சையில் அவனுக்கு நாற்பது மார்க். ஆனால் ஆறாவது பாடத்தின் தலைப்பு அவனுக்கே ஞாபகம் இருந்தது: தொடர்ந்து நாள்கள் தவறியவருக்கு என்ன செய்வது.

நூத்துக்கு நூறு அவனைப் பார்க்கவே இல்லை. அண்ணியிடம் தன் இருபத்து நாலாவது சான்றிதழைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்திருந்தார். சுவரில் அதற்கு இடம்கூடப் பார்த்து வைத்திருந்தார்.

அப்போது திரைக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. யோசித்துச் சொன்ன குரலல்ல. சாலையில் குழந்தை இறங்கினால் கத்துகிற மாதிரித் தன்னையறியாமல் வந்த குரல்.

“பேச்சுச் சத்தமே கேக்கல... அவர் இன்னும் முழுங்கல. ரெண்டு வார்த்தை பேசச் சொல்லுங்க!”



ரேடியோ மடக்கென்று விழுங்கினான். “அப்பா! நன்றி தாயே. இன்னும் அரை நிமிஷம் விட்டிருந்தா காது வழியா வந்திருக்கும்.”

திரை விலகியது. அந்தப் பெண் வாசலில் நின்றாள். என்ன செய்துவிட்டோம் என்று புரிந்து, ஒரு கையால் வாயை மூடியிருந்தாள்.

“ஒன்பதாவது பாடம்,” என்றாள் அண்ணி. அவள் குரலில் இப்போது வெண்ணெய் இல்லை. “மருந்தை வாயிலயே அடக்கி வச்சுக்கிட்டு, வெளியே போய்த் துப்பி விக்கிறவங்க உண்டு. அதனால குடிச்சதும் ரெண்டு வார்த்தை பேச வைக்கணும். பேசினா முழுங்கியாச்சுன்னு அர்த்தம். அந்தப் பாடத்தைக் கேட்டுட்டு, யாரும் சொல்லாமலே இவங்க ஒண்ணு சேர்த்துக்கிட்டாங்க. என்ன பேசினாங்களோ அதை ஓரத்துல எழுதி வச்சாங்க. ஊர்க்கதை இல்ல சார். ஒவ்வொரு வரியும், மருந்து உள்ளே போச்சுங்கறதுக்குச் சாட்சி.”

“அவ... அவ எங்கயாவது கேட்டிருப்பா...”

“கண்ணால பார்க்கலை. திரைக்குப் பின்னாடி இருந்துக்கிட்டு, ஒரு குரல் கேக்கலைங்கறதை வச்சே கண்டுபிடிச்சிட்டாங்க. நீங்க ஒரு முழம் தள்ளி நின்னு, புடைச்ச கன்னத்தைப் பார்த்துக்கிட்டே முத்திரை குத்தினீங்க. இவங்களா பதினோரு தடவை மறப்பாங்க?”

நூத்துக்கு நூறு கோட்டுப் பையிலிருந்த பேனாக்களைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். மூன்றும் இருந்தன. அதனால் ஒரு பயனும் இல்லை.

“மேடம், நான் உங்களைக் கூப்பிட்டது எதுக்குன்னா...”

“பயிற்சி எடுக்காத ஆள்தான் தப்பு பண்ணினாங்கன்னு நிரூபிக்கச் சொன்னீங்க. நிரூபிச்சாச்சு. அந்த ஆள் நீங்க.”

“கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கும்பாங்க,” என்றான் ரேடியோ. “போன வெள்ளியோட சேர்த்து எண்ணினா இன்னைக்கு எட்டாவது நாள். கணக்குல மட்டும் நீங்க நூத்துக்கு நூறுதான் சார்.”

அண்ணி ரிஜிஸ்டரைப் பின்னோக்கிப் புரட்டினாள். வெள்ளிக்கு முந்தின சனிக்கிழமை. லாரிக்காரரின் வரி. ஓரத்தில் இருந்ததை அவரைப் பார்த்தபடியே படித்தாள்.

“‘நாளைக்கு லோடு ஏத்திட்டுக் கிளம்பறேன். திரும்ப அஞ்சு நாளாவது ஆகும்.’ அதுக்குக் கீழே இவங்களோட குறிப்பு. ‘வந்ததும் மருந்து கொடுக்கக் கூடாது. முதல்ல டாக்டரைக் கூப்பிடணும்.’ வெள்ளிக்கிழமை காலையில நீங்க இந்தப் பக்கத்தைத் திருப்பியிருந்தா போதும். கிறுக்கல்னு விட்டுட்டீங்க.”

நூத்துக்கு நூறு நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். அந்த இருபத்து மூன்று கண்ணாடிகளிலும் அவர் வழுக்கை சின்னச் சின்னதாகத் தெரிந்தது.

“வெள்ளிக்கிழமை சின்னவனுக்குக் காய்ச்சல்,” என்றாள் அந்தப் பெண். வாயிலிருந்து கையை எடுத்திருந்தாள். “மாடியில அவன் பக்கத்துல இருந்தேன். கீழே வந்தப்ப லாரிக்காரர் வந்துட்டுப் போயிட்டாருன்னு ரிஜிஸ்டரைப் பார்த்துத்தான் தெரிஞ்சுது. அளவைப் பார்த்ததும் தெருவுல ஓடினேன். பெஞ்சுல சாய்ஞ்சு கிடந்தாரு. நான்தான் ஆம்புலன்சுக்குச் சொன்னேன்.”

“இதையெல்லாம் ஏம்மா முன்னாடியே சொல்லல?”

“சொன்னா பரீட்சை எழுதினது யாருன்னு கேப்பாங்களே.” அவள் சுவரைப் பார்த்தாள். “இருபத்து மூணும் நான் எழுதினதுதான். ராத்திரிச் சாப்பாடு முடிஞ்சதும் லேப்டாப்பைக் கொண்டாந்து வைப்பாரு. ‘உனக்குத்தான் இதெல்லாம் வருமே’ம்பாரு. வந்துச்சு, எழுதினேன். அவர் பேருக்கு மார்க் வந்துச்சு. பாடத்தை அவர் தலையில ஏத்தத்தான் எனக்குத் தெரியல. ஒருத்தர் உயிர் போகப் பார்த்துச்சே. அதுல எனக்கும் பங்கு இல்லையா?”

“இருக்கு,” என்றாள் அண்ணி. இரக்கப்பட்டுப் பொய் சொல்கிற பழக்கம் அவளுக்கு இல்லை. “ஆள்மாறாட்டத்துக்கு ரெண்டு பேர் வேணும். இருபது வருஷம் அதைத்தான் பிடிச்சேன். திங்கட்கிழமை நீங்களே போய் அதைச் சொல்லிடுங்க. கண்டிப்பாங்க, கொஞ்ச மாசம் பதிவை நிறுத்தியும் வைக்கலாம். ஆனா செய்யாத தப்பைத் தலையில வாங்கிக்கிட்டா, ஆயுசுக்கும் போச்சு. ரிஜிஸ்டர் என்கிட்ட இருக்கட்டும். ஓரத்தோட நானே கொண்டுபோய்க் கொடுக்கறேன்.”

“அப்ப என் கடை?” நூத்துக்கு நூறின் குரல் உடைந்து வந்தது.

அவர் நாற்காலியைத் திருப்பி மனைவியைப் பார்த்தார். இத்தனை நேரத்தில் அவளைப் பார்த்து அவர் பேசப்போவது இதுதான் முதல் தடவை என்று ரேடியோ கவனித்தான். மன்னிப்புக் கேட்கப்போகிறார் என்றுகூட நினைத்தான். அவனுக்கும் சில சமயம் உலகத்தின் மேல் நல்ல எண்ணம் வந்துவிடும்.

“இங்க பாரு,” என்றார் அவர், கொஞ்சலாக. “இவங்க ரெண்டு பேருக்கும்தான் விஷயம் தெரியும். பேசிக்கலாம். அன்னைக்குக் கீழே இருந்தது நீதான்னு மட்டும் சொல்லிடேன். உன் பதிவு போனா என்ன? வீட்டுல நிம்மதியா இருக்கலாம். எனக்குப் போனா கடை போயிடும். நான் உன்கிட்ட வேற என்ன கேட்டிருக்கேன்?”

“இருபத்து மூணு கேட்டிருக்கீங்க,” என்றான் ரேடியோ. “சுவர்லயே மாட்டி வச்சிருக்கீங்க.”

அவள் அதற்குச் சிரிக்கவில்லை. கணவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். கையில் ஒட்டியிருந்த லேபிள் பசையை விரலால் உருட்டி உருட்டி எடுத்தாள். எடுத்து முடிக்கும் வரை யாரும் அவளை அவசரப்படுத்தவில்லை.

“நீங்க கேட்டாச்சு,” என்றாள். “நான் ஒண்ணு கேக்கட்டுமா?”

“என்ன?”

“பதினோரு வருஷமா கேக்கணும்னு இருக்கேன். கல்யாணமாகி இந்தக் கடைக்கு வந்த முதல் மாசமே கேக்க வந்தேன். நீங்க போன்ல இருந்தீங்க. அப்புறம் ஒவ்வொரு பயிற்சியும் வர்றப்ப நினைப்பேன். உங்க பேரை அடிக்கிற இடத்துல ரெண்டு நிமிஷம் கையை வச்சுக்கிட்டு உக்காந்திருப்பேன். அப்புறம் உங்க பேரையே அடிச்சிடுவேன்.”

“இப்ப எதுக்கு அந்தப் பழங்கதை?”

அவள் திரைக்குள் போனாள். லேப்டாப்பைத் திறந்தபடியே தூக்கிக்கொண்டு வந்து கவுண்டர் மேல், அவர் முகத்துக்கு நேராக வைத்தாள். அதே பயிற்சி. பெயர் எழுத வேண்டிய இடத்தில் கோடு மின்னி மின்னி மறைந்துகொண்டிருந்தது. அவள் குரல் தெருவில் போகிறவர்களுக்கே கேட்கும் அளவுக்கு உரக்க வந்தது.

“சபை எப்ப அனுமதிச்சாலும் சரி, எத்தனை மாசம் காத்திருக்கச் சொன்னாலும் சரி, முதல் பாடத்துலேர்ந்து என் பேர்ல படிக்கணும் எனக்கு. கீழே கடை முதலாளி ஒப்புதல்னு ஒரு கட்டம் இருக்கு. அதுல கையெழுத்துப் போடுங்க. கடை உங்க பேர்ல இருக்கறப்பவே போட்டுடுங்க.”